பனி நாளில் பள்ளி உண்டா, இல்லையா?

2014 ஜனவரி 6, திங்கட்கிழமை. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் அரசுப் பள்ளிகள் அனைத்துக்கும் ஆளுநர் மார்க் டேட்டன் விடுமுறை விட்டார். பனி கொட்டினாலும் அசராமல் பள்ளி நடத்தும் மாநிலம் அது. மாநிலம் முழுவதும் மூடியது 17 ஆண்டுகளில் அதுவே முதல் முறை. காரணம் பனி அல்ல, குளிர். மூன்று வாரம் கழித்து, தெற்கே அட்லாண்டாவில் மூன்று அங்குலத்துக்கும் குறைவாகவே பனி விழுந்தது. ஆயிரக்கணக்கான மாணவர்கள் அன்றிரவைப் பள்ளிக்கூடத்திலேயே கழித்தார்கள்.

ஆக, பனியின் உயரத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. வழக்கமாக முடிவெடுப்பவர் கல்வி மாவட்டத்தின் கண்காணிப்பாளர். விடிவதற்கு வெகு முன்பே சாலைப் பணியாளர்களிடமும் பேருந்துப் பணிமனையிலும் நிலவரம் கேட்கிறார். வானிலை அறிக்கையைப் பார்க்கிறார். அவர் மனதில் முதலில் இருக்க வேண்டியது, இருட்டில் பேருந்துக்காகக் காத்து நிற்கும் பிள்ளை.

உடல் சூட்டால் வெதுவெதுப்பான மெல்லிய காற்றுப் படலம் நம் தோலை ஒட்டியே இருக்கும். காற்று வீசினால் அது கலைந்துவிடும். புதிதாக வந்து மோதும் குளிர்காற்றுக்கும் உடல் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். காபியை ஊதி ஆற்றுவதும் இதே கணக்குத்தான். இதை முதலில் அளந்தவர்கள் பால் சைப்பிள், சார்லஸ் பாசல் என்ற இரு ஆய்வாளர்கள். அண்டார்க்டிகாவில் ஓர் உருளையில் தண்ணீரை நிரப்பித் தொங்கவிட்டு, அது உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்த்தார்கள். 2001இல் அமெரிக்காவும் கனடாவும் மனித முகம் சூட்டை இழக்கும் வேகத்தை வைத்து அந்தக் கணக்கைத் திருத்தின. அதன்படி, வெப்பநிலை மைனஸ் 18 டிகிரி செல்சியஸ், காற்று மணிக்கு 24 கிலோமீட்டர் என்றால், உடல் உணர்வது மைனஸ் 28 டிகிரி. மூடாத தோல் 30 நிமிடத்தில் உறைந்துபோகலாம். பேருந்து அரைமணி தாமதமாவது பனிக்காலத்தில் அதிசயமில்லை. நல்ல கையுறையும் தடித்த கோட்டும் எல்லா வீட்டிலும் இருப்பதும் இல்லை. விடுமுறை விட இந்த ஒரு காரணமே போதும் என்பேன்.

பேருந்துக்கு அந்த மைனஸ் 28 கிடையாது. காற்று எஞ்சினை விரைவாகக் குளிர வைக்குமே தவிர, மைனஸ் 18க்குக் கீழே இறக்காது. அதுவே போதுமான தொல்லை. டீசலில் கரைந்துள்ள மெழுகு அந்தக் குளிரில் படிகமாகி வடிகட்டியை அடைக்கும். பேட்டரியின் திறன் ஏறத்தாழ பாதியாகக் குறையும்.

மூடாமல், பள்ளியை இரண்டு மணி நேரம் தள்ளித் திறப்பதும் வழக்கம். வீட்டில் சற்று நேரம் கூடுதலாகத் தூங்குவதற்கான சலுகை அல்ல அது. இரவு முழுவதும் தரை வெப்பத்தை இழந்துகொண்டே இருப்பதால், தெளிந்த வானமுள்ள நாட்களில் குளிர் உச்சத்தைத் தொடுவது நள்ளிரவில் அல்ல, சூரியன் உதித்த சற்று நேரத்துக்குள். ஜனவரி தொடக்கத்தில் மினியாபொலிஸ் நகரில் சூரியன் உதிக்கவே காலை 7.50 ஆகிவிடும். வழக்கமான பள்ளி நேரம் சரியாக அந்த மோசமான வேளையில் போய் விழுகிறது. இரண்டு மணி நேரம் தள்ளினால் வெளிச்சம் வந்துவிடும். உப்பும் தன் வேலையைத் தொடங்கும். சாலையில் தூவும் சாதாரண உப்பு சுமார் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே பனியை உருக்கத் திணறும். வெயில் ஓரிரு டிகிரி ஏற்றிக் கொடுத்தாலும் பெரிய உதவி.

அட்லாண்டாவில் நடந்தது வேறு. ஜனவரி 28 அன்று காலை பள்ளிகள் திறந்தன. நண்பகல் வாக்கில் பனி தொடங்கியதும் பள்ளிகளும் அலுவலகங்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பின. டயர்களின் உராய்விலும் வாகனச் சூட்டிலும் உருகிய பனி மீண்டும் உறைந்து கண்ணாடிபோல் ஆனது. பூஜ்யத்தை ஒட்டிய பனிக்கட்டி மைனஸ் 20இல் உள்ளதைவிட அதிகம் வழுக்கும். அதன் மேற்பரப்பு அவ்வளவு இளகியிருக்கும். உப்பு தூவும் லாரிகளும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டன.

கடுங்குளிர் வருவதைப் பல நாள் முன்பே கணித்துவிடலாம்; மினசோட்டாவில் வெள்ளிக்கிழமையே அறிவித்தது அதனால்தான். பனி விழும் எல்லைக்கோடு எந்த ஊரைத் தொடும் என்பது அப்படியல்ல, கடைசி நேரத்தில்கூட நகரும். இருந்தும் அட்லாண்டாவுக்கான பனிப்புயல் எச்சரிக்கை அன்று விடிவதற்கு முன்பே வெளியாகிவிட்டது. முதல் பேருந்து கிளம்பும் முன் முடிவை மாற்ற அப்போதும் நேரம் இருந்தது.