அடையாள அட்டையை இரவல் கொடுக்காதீர்கள்

இந்த வருடத்தில் இவன் மூன்றாவது பையன். ஹட்டனில் என் சட்ட அலுவலகத்துக்கு வந்தவன் சுங்கத்திலிருந்து வந்த கடிதத்தை நீட்டிவிட்டு, "சேர், நான் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்" என்றான். அம்மா இன்னும் மலையில் கொழுந்து எடுக்கிறார். இவனுக்குக் கொழும்பு புறக்கோட்டையில் கடை வேலை. முதலாளி இவனுடைய அடையாள அட்டையை வாங்கி, இவன் பெயரில் வரி இலக்கம் எடுத்து, இவனையே இறக்குமதியாளராகப் பதிந்து, கொள்கலன் வரும்போதெல்லாம் இவன் கையில் கொஞ்சம் காசு வைத்திருக்கிறார். இன்வொய்ஸ் போலி, அதில் காட்டிய விலை உண்மை விலையில் பாதிக்கும் கீழே. முதலாளியின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை.

அந்த "மட்டும்தான்" என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. தம்பி, கஸ்டெக்கில், அதாவது சுங்கத்துக்குக் கொடுக்கும் பொருள் அறிவிப்புப் படிவத்தில், எழுதியது எல்லாம் உண்மை என்று அரசாங்கத்துக்குச் சொல்வதே அந்தக் கையெழுத்துதான். துறைமுகத்தில் சுங்க வேலைகளைப் பார்த்துக் கொடுக்கும் வார்ஃப் கிளார்க் நிரப்பினார், முதலாளி சொன்னார் என்பதெல்லாம் அப்புறம் நாம் நிரூபிக்க வேண்டிய கதை. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டவனுக்கு அது லேசில் முடிகிற காரியமில்லை.

இன்னொன்று, "தண்டம் கட்டினால் சரிதானே?" சரியில்லை! 1869ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சுங்கக் கட்டளைச் சட்டத்தின்படி பொருள் பறிமுதலாகலாம், சம்பந்தப்பட்டவர் மீது பொருளின் பெறுமதியைப் போல மூன்று மடங்கு வரை தண்டம் விழலாம். அது சுங்க விசாரணையோடு போவது. போலி ஆவணம் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் தனிக் குற்றம், அது நீதிமன்றத்துக்குப் போகும், 454ஆம் பிரிவின்படி 5 ஆண்டு வரை சிறை. போலியை நீங்கள் தயாரித்திருக்கவே வேண்டாம். போலி என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, மோசடியாகப் பயன்படுத்தினால் தயாரித்தவருக்குரிய அதே தண்டனைதான், அது 459ஆம் பிரிவு. ஒரு வழக்கு முடிந்தது என்பதற்காக மற்றது தானாக முடிந்துவிடாது.

எவ்வளவு நல்ல முதலாளி என்றாலும் அடையாள அட்டைப் பிரதியைக் காரணம் கேட்காமல் கொடுக்காதீர்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால் எதற்காகக் கொடுத்தது என்று பிரதியின் மேலேயே எழுதுங்கள். உங்கள் பெயரில் வரி இலக்கம் இருக்கிறதா என்று உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் விசாரியுங்கள். ஏற்கெனவே மாட்டியிருந்தால் முதலாளி எழுதிக் கொடுக்கும் வாக்குமூலத்தை மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள், தயவுசெய்து. அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல், முதல் கடிதம் வந்த அன்றே ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. அம்மாவின் தோட்டை அடகு வைத்து அந்த முதலாளிக்காகத் தண்டம் கட்டிவிட்டு என்னிடம் வராதீர்கள்.