ஈயம் போய் இரும்பு வந்தபோது: வாத்து வேட்டைக்காரர்கள் மறுபடி சுடக் கற்றது எப்படி?

வாத்து வேட்டைக்கான 12 போர் (bore என்ற குழல் அளவு) தோட்டா ஒன்றைப் பிரித்துக் கொட்டினால், மிளகைவிடச் சிறிய ஈய ரவைகள் ஏறக்குறைய 250 உருண்டு விழும். குறி தப்பாமல் சுட்டால்கூட அவற்றில் ஒரு சிலதான் பறவையின் மேல் படும். மற்றதெல்லாம் தண்ணீரில் விழுந்து அடிச்சேற்றில் தங்கிவிடும். ஈயம் இரும்பைப் போலத் துருப்பிடித்து உதிர்ந்துபோகாது. பல பத்தாண்டுகள் அப்படியே கிடக்கும். ஒரே ஏரியில் தலைமுறை தலைமுறையாக வேட்டை நடந்தால் சேற்றில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அந்தச் சேற்றில்தான் வாத்து இரை தேடுகிறது. அதற்குப் பல் கிடையாது. விழுங்கிய தானியத்தை அரைப்பது அரைவைப்பையின் வேலை. நாட்டுக்கோழியை அறுக்கும்போது உள்ளே மணலும் பொடிக்கல்லுமாக இருக்குமே, அந்தக் கெட்டியான சதைப் பைதான். கல்லுக்காகச் சேற்றைத் துழாவும் வாத்து ஈய ரவையையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது. அமிலம் ஒரு பக்கம் கரைக்க, கற்கள் இன்னொரு பக்கம் தேய்க்க, ஈயம் கொஞ்சம் கொஞ்சமாக இரத்தத்தில் கலக்கிறது. இரத்தச் சிவப்பணு உருவாக வேண்டிய நொதியை முடக்குகிறது. நரம்புகளைத் தாக்குகிறது. உணவுப்பாதையின் தசைகள் செயலிழப்பதால், தீனி உள்ளே அடைத்துக் கிடக்கும்போதே பறவை பட்டினியில் மெலிகிறது. சிறகு தொங்கிப்போகும், எச்சம் பச்சையாகப் போகும், சில வாரங்களில் உயிரும் போய்விடும். இதற்கு ஒரே ஒரு ரவை போதுமானதாக இருக்கலாம்.

இப்படி நோயுற்ற வாத்து கூட்டமாகச் சாவது அபூர்வம். ஒவ்வொன்றாக நாணலுக்குள் ஒதுங்கும். நரியோ கழுகோ சீக்கிரமே தின்றுவிடும். "இத்தனை வருடம் வேட்டையாடுகிறேன், ஈயத்தால் செத்த வாத்து ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை" என்று வேட்டைக்காரர்கள் சொன்னால் அது பொய்யில்லை. கண்ணில் படாத சாவு என்பதால்தான் இந்த விவகாரம் இவ்வளவு காலம் இழுத்தது.

அமெரிக்காவில் இயற்கை ஆர்வலர் ஜார்ஜ் பேர்ட் கிரின்னெல் 1894-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். 1959-இல் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த பறவை ஆய்வாளர் ஃபிராங்க் பெல்ரோஸ், வட அமெரிக்க நீர்ப்பறவைகளில் ஆண்டுக்கு 2 முதல் 3 சதவீதம் ஈய நஞ்சால் சாகின்றன என்று மதிப்பிட்டார். அதற்குப் பிறகும் முப்பது வருடம் ஓடியது. அடிபட்ட வாத்துகளைத் தின்ற வெண்தலைக் கழுகுகளும் நஞ்சேறிச் சாவது தெரிந்து, அது நீதிமன்றம் வரை போன பிறகுதான் வேகம் பிடித்தது. 1987-இல் தொடங்கி, 1991-இல் நாடு முழுவதும் நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவைக்குத் தடை வந்தது. டென்மார்க் ஈர நிலங்களில் 1980-களிலேயே கட்டுப்பாடு கொண்டுவந்து, 1996-இல் எல்லா வகை வேட்டையிலும் ஈய ரவையைத் தடை செய்துவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஈர நிலங்களுக்கான பொதுத் தடை நடைமுறைக்கு வந்தது 2023 பிப்ரவரியில்.

சரி, ஈயம் வேண்டாம் என்றாகிவிட்டது. பதிலுக்கு எது? விலை குறைவாக, ஏராளமாகக் கிடைப்பது இரும்பு. கடையில் ஸ்டீல் என்று விற்கும் ரவை உண்மையில் கார்பன் மிகக் குறைந்த மென்மையான இரும்பு. அமெரிக்காவில் 1970-களில் வந்த முதல் இரும்புத் தோட்டாக்கள் மோசமாகவே இருந்தன. வேகம் போதவில்லை. ஈரம் உள்ளே போனால் ரவைகள் துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். "இரும்பு வாத்தைக் கொல்லாது, நொண்டியாக்கி விட்டுவிடும்" என்ற பேச்சு அப்போது பிடித்துக்கொண்டது. தோட்டா தேறிய பிறகும் அந்தப் பேச்சு போகவில்லை. அதில் பாதி நியாயம் இருந்தது என்பது என் எண்ணம். அந்தப் பாதி எது என்று புரிய, ரவை காற்றில் எப்படிப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

காற்று ரவையைத் தடுக்கும் விசை, ரவையின் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அந்தத் தடையை மீறி முன்னே போகும் திறன் அதன் எடையைப் பொறுத்தது. கோள வடிவத்துக்கு இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வருவது எளிமையான விதி: அடர்த்தியையும் விட்டத்தையும் பெருக்கினால் வரும் எண் எவ்வளவு பெரிதோ, அவ்வளவு மெதுவாக ரவை வேகத்தை இழக்கும். ஒரு கன சென்டிமீட்டர் ஈயத்தின் எடை 11.3 கிராம், இரும்பின் எடை 7.9 கிராம். அதே அளவு ரவையை ஈயத்துக்குப் பதில் இரும்பில் செய்தால் எடை 70 சதவீதம்தான் இருக்கும், வேகமும் சீக்கிரம் குறையும். 2.8 மில்லிமீட்டர் ரவையை நொடிக்கு 380 மீட்டர் வேகத்தில் சுட்டால், 35 மீட்டர் தூரத்தில் ஈயத்துக்கு நொடிக்கு 200 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே மிஞ்சும். இரும்புக்கு 160-ஐ ஒட்டி. இது என் தோராயக் கணக்கு. எடையும் குறைவு, வேகமும் குறைவு என்பதால், இரும்பு ரவை பறவையை அடையும்போது அதன் ஆற்றல் ஈயத்தினுடையதில் பாதிகூட இருக்காது. பழைய நம்பர் (ரவை அளவு) தோட்டாவையே இரும்பில் வாங்கி, பழைய தூரத்திலேயே சுட்டவர்களுக்கு வாத்து விழாமல் பறந்துபோனதில் ஆச்சரியமில்லை.

பரிகாரமும் அதே விதியிலேயே இருக்கிறது. அடர்த்தியை மாற்ற முடியாது, விட்டத்தைக் கூட்டலாம். வேட்டைக்காரர்கள் "இரண்டு நம்பர் பெரிசு" என்று இதை வழக்கமாக்கிக் கொண்டார்கள். ஈயத்தில் 6-ஆம் நம்பர் போட்டவர் இரும்பில் 4-ஆம் நம்பர் போடுவார். ரவை எண்களில் எண் குறையக் குறைய ரவை பெரிதாகும். அமெரிக்க அளவில் 6-ஆம் நம்பர் 2.8 மில்லிமீட்டர், 4-ஆம் நம்பர் 3.3 மில்லிமீட்டர். தோட்டா தயாரிப்பாளர்கள் புறப்படும் வேகத்தையும் நொடிக்கு 430 மீட்டர் அளவுக்கு ஏற்றினார்கள். இப்போது 35 மீட்டரில் இரண்டுக்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகிறது, இரும்பு ரவையின் எடை சற்றுக் கூடவே இருக்கிறது. ஆனால் அது பருமன் என்பதால் சதைக்குள் ஊடுருவுவதில் இன்னும் கொஞ்சம் பின்தங்கும். அதற்கு அப்பால், 45, 50 மீட்டரில், வித்தியாசம் மறுபடி விரியும்.

இதற்கு ஒரு விலை உண்டு. ரவை பெரிதானால் எண்ணிக்கை குறையும். 32 கிராம் ரவை கொண்ட தோட்டாவில் 250 ஈய ரவை இருந்த இடத்தில் இரும்பு 215 அளவில்தான் இருக்கும். எடை குறைந்த உலோகம் என்பதால் அதே 32 கிராமுக்கு 40 சதவீதம் கூடுதல் இடமும் வேண்டும். நீளமான தோட்டாக்கள் பரவலானதற்கு இது முக்கியக் காரணம். 70 மில்லிமீட்டருக்குப் பதிலாக 76 மில்லிமீட்டர் சாதாரணமாகி, 1980-களின் கடைசியில் 89 மில்லிமீட்டர் தோட்டாவும் அதற்கேற்ற துப்பாக்கியும் வந்தன.

பலர் எதிர்பார்க்காத இன்னொரு மாற்றம் குழலுக்குள் நடந்தது. ரவைகளைச் சிதறலாகச் சுடும் துப்பாக்கியான ஷாட்கன் குழலின் வாய்ப்பக்கம் சற்றே குறுகியிருக்கும். அதற்குச் சோக் என்று பெயர். ஃபுல் சோக் என்றால் 12 போர் குழல் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் குறுகும், ஹாஃப் சோக்கில் அதில் பாதி. ரவைக் கூட்டம் விரியும் வேகத்தை இது தீர்மானிக்கிறது. ஈயம் மெத்தென்ற உலோகம். வெடிமருந்து வெடித்துத் தள்ளும்போது, மேலே இருக்கும் ரவைகளின் பாரத்தில் அடியில் இருப்பவை நசுங்கிவிடும். நசுங்கிய ரவை நேராகப் போகாது, ஓரத்துக்கு ஓடிவிடும். அதனால் கூட்டத்தை நெருக்கமாக வைக்க ஃபுல் சோக் தேவைப்பட்டது. இரும்பு நசுங்காது. எல்லா ரவையும் உருண்டையாகவே வெளியேறி, தானாகவே நெருக்கமாகப் போகும். ஹாஃப் சோக்கில் போன இரும்பு, ஃபுல் சோக்கில் போன ஈயம் மாதிரி விழும். பழைய ஃபுல் சோக்கிலேயே இரும்பைச் சுட்டவர்களின் ரவைக் கூட்டம் கிட்டத்தில் கை அகலத்துக்குச் சுருங்கியதால், பறவைக்கு முன்னேயோ பின்னேயோ மொத்தமாகப் போய்விட்டது. "இரும்பு கொல்லவில்லை" என்று சொன்னவர்களில் கணிசமானோர் உண்மையில் பறவையைத் தொடவே இல்லை.

இதைக் கண்டுபிடிக்க ஒரு பெரிய காகிதம் போதும். வேட்டைக் காலத்துக்கு முன்னால் 35 மீட்டரில் காகிதத்தைக் கட்டி, நடுவை நோக்கி ஒருமுறை சுட வேண்டும். அடர்த்தியாக விழுந்த பகுதியைச் சுற்றி 75 சென்டிமீட்டர் வட்டம் போட்டு ஓட்டைகளை எண்ண வேண்டும். தோட்டாவில் இருந்ததில் எத்தனை சதவீதம் வட்டத்துக்குள் விழுந்தது, வாத்து நழுவிப் போகும் அளவு இடைவெளி எங்காவது இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சோக்கை மாற்றி மறுபடி சுட வேண்டும். ஈயக் காலத்தில் இதைச் செய்தவர்கள் குறைவு. அமெரிக்காவில் டாம் ராஸ்டர் போன்ற பயிற்சியாளர்கள் இரும்புக்கு மாறும் வேட்டைக்காரர்களுக்கு ஊர் ஊராகச் சொல்லிக் கொடுத்ததில் இதுதான் முக்கியம். அடுத்தது தூரத்தைக் கண்ணால் மதிப்பிடும் பழக்கம்.

என் பார்வையில் தூரம்தான் இந்த விஷயத்தின் மையம். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் குறுக்கே பறக்கும் வாத்து 35 மீட்டர் தள்ளி இருந்தால், ரவை அங்கே போய்ச் சேருவதற்குள் இரண்டு மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். அவ்வளவு முன்னால் தள்ளிக் குறி வைக்க வேண்டும். 50 மீட்டரில் அது நான்கு மீட்டரை நெருங்கும், ரவைக் கூட்டமும் சிதறியிருக்கும். ஈயமோ இரும்போ, அந்தத் தூரத்தில் சராசரி வேட்டைக்காரர் பறவையைக் காயப்படுத்தவே செய்வார். டென்மார்க்கில் 1990-களின் தொடக்கத்தில் பிடித்து எக்ஸ்ரே எடுத்த இளஞ்சிவப்புக்கால் வாத்துகளில், வளர்ந்தவற்றில் மூன்றில் ஒன்றுக்கு மேல் உடம்பில் ரவையைச் சுமந்துகொண்டிருந்தது தெரியவந்தது. சுடப்பட்டு, விழாமல், வலியோடு பறந்துகொண்டிருந்தவை. 1997-இல் அங்கே தொடங்கிய இயக்கம், பெரிய வாத்துகளை 25 மீட்டருக்குள் மட்டுமே சுடுங்கள் என்று கேட்டது. அதன்பிறகு ரவை சுமக்கும் பறவைகளின் விகிதம் இறங்கியது.

அமெரிக்காவின் அனுபவமும் இதோடு ஒத்துப்போகிறது. தடை படிப்படியாக வந்த சில வருடங்களில் அடிபட்டுத் தப்பிப்போன வாத்துகளின் விகிதம் ஏறியது. பிறகு இறங்கி, ஈயக் காலத்தைவிடவும் கீழே போனது. டெக்ஸாஸ் மாநில வனவிலங்குத் துறை 2008, 2009-இல் புறா வேட்டையில் இன்னும் கடுமையான சோதனை நடத்தியது. ஈயத் தோட்டா ஒரு வகை, இரும்பில் இரண்டு வகை. எதைச் சுடுகிறோம் என்று சுடுபவருக்குத் தெரியாது, அருகே நின்று பதிவு செய்பவருக்கும் தெரியாது. 5000-க்கும் மேற்பட்ட தோட்டாக்களுக்குப் பிறகு, விழுந்ததிலும் காயப்பட்டதிலும் மூன்றுக்கும் இடையில் பொருட்படுத்தும்படி வித்தியாசம் இல்லை. தோட்டாவை அடையாளம் காணவும் சுட்டவர்களால் முடியவில்லை.

வாத்துகளுக்குக் கிடைத்த பலன் பெரியது. மிசிசிப்பி வழியாக வலசை போகும் வாத்துகளின் அரைவைப்பைகளைச் சோதித்த ஆய்வாளர்கள், தடைக்குப் பின் ஈய நஞ்சால் சாகும் காட்டு வாத்துகள் 64 சதவீதம் குறைந்ததாகவும், 1997-இல் மட்டும் வட அமெரிக்காவில் ஏறக்குறைய 14 லட்சம் வாத்துகள் பிழைத்ததாகவும் கணக்கிட்டார்கள். சேற்றில் பழைய ஈயம் இன்னும் இருந்தாலும், அதன்மேல் வருடா வருடம் இரும்பு விழுந்து மூடிக்கொண்டிருந்தது.

தீராத சிக்கல்களும் உண்டு. இரும்பு கெட்டி என்பதால் குழலை உராயாதபடி தடித்த பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்துச் சுட வேண்டும். அந்தக் கிண்ணங்கள் கரையெங்கும் குப்பையாகக் கிடக்கின்றன. மட்கும் பொருளில் செய்தவை இப்போது விற்பனைக்கு வந்துவிட்டன. பாறையில் பட்டால் இரும்பு தெறிக்கும். டென்மார்க்கில் காட்டு உரிமையாளர்கள் வேறொரு கவலையை எழுப்பினார்கள்: மரத்தில் பதிந்த இரும்பு ரவை மர அறுவை ஆலையின் வாளைக் கெடுக்குமே என்று. அதனால் காட்டுக்குள் வேட்டையாடியவர்கள் பிஸ்மத்துக்குப் போனார்கள். அது ஈயத்துக்குப் பக்கத்தில் வரும் அடர்த்தி கொண்ட, மென்மையான, நஞ்சில்லாத உலோகம்; நொறுங்காமலிருக்க அதில் வெள்ளீயம் கலக்கிறார்கள். தாத்தா காலத்து மெல்லிய குழல் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கும் இதுவே வழி. விலை இரும்பைவிடப் பல மடங்கு. டங்ஸ்டன் கலந்த ரவை ஈயத்துக்கு இணையாகவோ அதற்கு மேலாகவோ போகும், அதன் விலை இன்னும் அதிகம். புதிய துப்பாக்கிகளில் வேகமான இரும்புத் தோட்டாவைத் தாங்கும் என்று சோதித்ததற்கு அடையாளமாக அல்லி மலர் முத்திரை ஒன்றை ஐரோப்பாவில் குழலில் குத்துகிறார்கள்.

இங்கிலாந்தில் நீர்ப்பறவைகளைச் சுட ஈய ரவை 1999-லிருந்தே தடை, ஃபெசன்ட் என்ற கோழி இனக் காட்டுப்பறவை வேட்டையில் அப்போது தடை வரவில்லை. 2020-இல் அங்குள்ள வேட்டை அமைப்புகள் ஐந்து வருடத்தில் தாங்களாகவே ஈயத்தை விட்டுவிடுவோம் என்று அறிவித்தன. அடுத்து வந்த வேட்டைக் காலத்தில் ஆய்வாளர்கள் பிரிட்டனில் சுடப்பட்ட 180 ஃபெசன்ட்களைச் சோதித்தபோது, 179-இல் இருந்தது ஈயம். டென்மார்க்கில் சுட்டவர்களும் இதே 12 போர் துப்பாக்கியால்தான் சுட்டார்கள், இதே இரும்பைத்தான் குறை சொன்னார்கள். அங்கே கடையில் ஈயத் தோட்டா இல்லாமல் போயிருந்தது.