அமெரிக்கச் சிறு கல்லூரிகளில் மெரிட் ஸ்காலர்ஷிப்: யாருக்குத் தருகிறார்கள், நம் கையிலிருந்து எவ்வளவு போகும்?

வில்லியம்ஸ், ஆம்ஹர்ஸ்ட், மிடில்பெரி. அமெரிக்க லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளில் முதல் வரிசையில் வருபவை இவை. இந்த மூன்றிலும் மெரிட் ஸ்காலர்ஷிப் என்ற ஒன்றே கிடையாது. பிளஸ் டூவில் 600-க்கு 595 எடுத்திருந்தாலும் கிடையாது. அங்கே தரப்படும் உதவி முழுவதும் குடும்பத்தின் வருமானத்தையும் சொத்தையும் கணக்கிட்டுத் தருவது. வசதியான குடும்பத்துப் பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் முழுக் கட்டணம்தான். இது தெரியாமல் பட்டியலை முழுக்க இப்படிப்பட்ட பெயர்களாலேயே நிரப்பிவிட்டு, சேர்க்கை முடிவுகள் வரும் மார்ச் மாதக் கடைசியில் கையைப் பிசைந்து நிற்கும் குடும்பங்கள் நிறைய.

‘ஆர்ட்ஸ்’ என்பதைப் பார்த்து பிளஸ் டூ ஆர்ட்ஸ் குரூப்பை நினைத்துக்கொள்ள வேண்டாம். இயற்பியல், கணினி அறிவியல், உயிர்வேதியியல் எல்லாம் இங்கே உண்டு. பெரும்பாலும் 1,000 முதல் 3,000 மாணவர்கள், இளநிலைப் படிப்பு மட்டும், சிறிய வகுப்புகள், பாடம் நடத்துபவர் பேராசிரியரே. ஆனால் பொறியியல் துறை பல கல்லூரிகளில் இருக்காது.

மெரிட் பணம் அதிகம் புழங்குவது அடுத்த வரிசையில். ஒஹாயோவின் டெனிசன், வூஸ்டர், விஸ்கான்சினின் லாரன்ஸ், கென்டக்கியின் சென்டர், மினசோட்டாவின் செயின்ட் ஓலஃப் போன்றவை. இவர்கள் ஏன் தருகிறார்கள் என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நல்ல மாணவர் ஒருவர் பக்கத்து மாநிலப் பல்கலைக்கழகத்தில் குறைந்த கட்டணத்தில் சேர்ந்துவிடக் கூடும். அவரைத் தங்கள் பக்கம் இழுக்கக் கல்லூரி தன் கட்டணத்தில் தள்ளுபடி தருகிறது. அந்தத் தள்ளுபடியின் பெயர்தான் மெரிட் ஸ்காலர்ஷிப். ஆகவே நம் மதிப்பெண் பெரியதா என்பது கேள்வியே அல்ல. அந்தக் கல்லூரியில் சேரும் மற்றவர்களோடு ஒப்பிட்டால் நாம் எங்கே நிற்கிறோம், நம்மை இழக்க அவர்களுக்கு மனம் வருமா என்பதே கேள்வி.

இதை ஊகிக்கத் தேவையில்லை, எண்ணாகவே பார்க்கலாம். பெரும்பாலான கல்லூரிகள் ‘காமன் டேட்டா செட்’ என்ற ஆவணத்தை ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. கல்லூரிப் பெயரோடு இந்தச் சொற்களைச் சேர்த்துத் தேடினாலே கிடைத்துவிடும். அதில் எச் பிரிவுக்குப் போங்கள். எச்2-இல் முதலாண்டு மாணவர் எத்தனை பேர், அவர்களில் நிதித் தேவை உள்ளவர் எத்தனை பேர் என்று இருக்கும். எச்2ஏ-இல் தேவை இல்லாமலேயே கல்லூரியின் ஸ்காலர்ஷிப் பெற்றவர்களின் எண்ணிக்கையும் சராசரித் தொகையும் இருக்கும். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம்: முதலாண்டில் 500 பேர், தேவை உள்ளவர் 280. மீதி 220 பேரில் 190 பேருக்கு மெரிட் கிடைத்திருந்தால், அங்கே அது கிட்டத்தட்ட எல்லோருக்கும் உண்டு. தொகை எவ்வளவு என்பது மட்டுமே விஷயம். 220-இல் 12 பேருக்குத்தான் என்றால் அது கடும் போட்டி, அதை நம்பித் திட்டம் போடக் கூடாது. இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர்கள் எச்6-ஐயும் பார்க்க வேண்டும். வெளிநாட்டு மாணவர்களுக்கு உதவி உண்டா, எத்தனை பேருக்கு, சராசரி எவ்வளவு என்பது அங்கே தனியாக இருக்கும். அந்த இடம் காலியாகவோ பூஜ்யமாகவோ இருந்தால் உடனே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள்.

அதே ஆவணத்தில் சி9, சேர்ந்தவர்களின் எஸ்ஏடி (அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) மதிப்பெண் வரம்பைக் காட்டும். அந்த வரம்பின் மேல் எல்லையைத் தாண்டி இருந்தால் பெரிய மெரிட் தொகைக்கு வாய்ப்பு கூடும். சி7-இல் ‘விண்ணப்பதாரர் காட்டும் ஆர்வம்’ என்று ஒரு வரி இருக்கும். அது முக்கியம் என்று குறிக்கப்பட்டிருந்தால், கல்லூரியின் இணையவழி அறிமுகக் கூட்டங்களில் பெயர் பதிந்து கலந்துகொள்ளுங்கள். நேர்காணல் கட்டாயமில்லை என்றாலும் கேட்டு வாங்குங்கள். எல்லாவற்றுக்கும் விண்ணப்பத்தில் கொடுக்கும் அதே மின்னஞ்சல் முகவரியையே பயன்படுத்துங்கள். வேறு முகவரியில் போனவை உங்கள் கணக்கில் சேராமல் போகலாம்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளிலிருந்து போகும் விண்ணப்பங்களில் அடிக்கடி தவறு நடக்கும் இடம் பள்ளி ஆவணங்கள். பல கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் ‘காமன் ஆப்’ இணையதளத்தில் ஒன்பதாம் வகுப்பிலிருந்து மதிப்பெண் பட்டியல், பள்ளி அறிக்கை, பரிந்துரைக் கடிதங்கள் கேட்பார்கள். மதிப்பெண்ணை நீங்களே ஜிபிஏவாக (அமெரிக்க முறைச் சராசரி கிரேடு புள்ளி) மாற்றிப் போடாதீர்கள். பள்ளி எப்படித் தருகிறதோ அப்படியே இருக்கட்டும். அதற்குப் பதிலாக, தலைமை ஆசிரியரிடம் சொல்லி ஒரு பக்கப் பள்ளிக் குறிப்பு தயாரிக்க வையுங்கள்: எந்தப் பாடத்திட்டம், மொத்த மதிப்பெண் எவ்வளவு, கடந்த ஆண்டு 550-க்கு மேல் எத்தனை பேர் எடுத்தார்கள். ஒஹாயோவில் உட்கார்ந்து 562 என்ற எண்ணைப் பார்ப்பவருக்கு அது நல்லதா சுமாரா என்று சொல்லித் தருவது அந்த ஒரு தாள்தான்.

விண்ணப்பத்திலேயே ‘நிதி உதவி கோருகிறீர்களா’ என்று ஒரு கேள்வி வரும். இது குடும்ப வசதியைப் பார்த்துத் தரும் உதவியைப் பற்றியது. ஆம்ஹர்ஸ்ட் போன்ற சில கல்லூரிகள் வெளிநாட்டு மாணவருக்கும் இந்தப் பதிலைப் பார்க்காமலே இடம் தருகின்றன. பெரும்பாலானவை பார்த்தே முடிவெடுக்கின்றன. ‘இல்லை’ என்று குறித்தாலும் மெரிட்டுக்குப் பல கல்லூரிகள் தாமாகவே பரிசீலிக்கும். ஆனால் வெளிநாட்டு மாணவர் சேரும்போது கேட்காத உதவியைப் பின்னால் நான்கு ஆண்டும் கேட்க முடியாது என்ற விதி பல இடங்களில் உண்டு. சேர்க்கை வாய்ப்புக்காகப் பொய்யாக ‘இல்லை’ என்று குறிப்பது இரண்டாம் ஆண்டில் பிள்ளையை நடுத்தெருவில் நிறுத்திவிடும்.

பெரிய ஸ்காலர்ஷிப்புகளுக்குத் தனி விண்ணப்பமும் முந்திய கெடுவும் இருக்கலாம். வாஷிங்டன் அண்ட் லீயின் ஜான்சன் ஸ்காலர்ஷிப் கல்விக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு மூன்றையும் அடக்கியது. அதற்கான கெடு டிசம்பர் 1. வழக்கமான சேர்க்கைக் கெடுவை மட்டும் பார்த்திருப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். தொகையை ஒப்பிட்டுத்தான் சேர முடியும் என்ற நிலையில் உள்ள குடும்பம் ‘எர்லி டிசிஷன்’ பக்கம் போகவே கூடாது. அது இடம் கிடைத்தால் சேர்ந்தே தீர வேண்டும் என்ற ஒப்பந்தம். நவம்பரில் கெடு முடியும் ‘எர்லி ஆக்‌ஷன்’ அப்படிக் கட்டுப்படுத்தாது.

இனி, இடமும் உதவித் தொகையும் சொல்லும் கடிதம் வந்த பிறகு. மொத்தச் செலவு ஆண்டுக்கு 80,000 டாலர், மெரிட் 35,000 என்று வைத்துக்கொள்வோம். 45,000-ஐ நான்கால் பெருக்கி 1,80,000 டாலர் என்று எழுதுவதே வழக்கமான பிழை. மெரிட் தொகை பெரும்பாலும் நான்கு ஆண்டும் அதே 35,000-தான். கட்டணமோ ஆண்டுதோறும் ஏறும். 4 சதவீத ஏற்றம் என்றால் நம் பங்கு 45,000, 48,200, 51,528, 54,989. கூட்டினால் 1,99,717. கிட்டத்தட்ட 20,000 டாலர் வித்தியாசம். இதற்கு மேல் மருத்துவக் காப்பீடு, விமான டிக்கெட், புத்தகம். வளாக வேலையில் வரும் சம்பளத்தைக் கடிதத்தில் உதவியோடு சேர்த்துக் காட்டியிருந்தால் அதைக் கழித்துவிடுங்கள். அது வேலை செய்தால் மட்டும் வரும் பணம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் செய்ய முடியாது. தங்குமிடம், சாப்பாட்டுக்கான ஸ்காலர்ஷிப் பகுதிக்கு வரியும் உண்டு. எஃப்-1 மாணவரிடம் பொதுவாக 14 சதவீதம் பிடிப்பார்கள்.

தொகை போதவில்லை என்றால் கேட்கலாம், அதில் தவறில்லை. சேர்வதை உறுதிசெய்ய வழக்கமான கடைசி நாளான மே 1-க்கு முன், இதே தரத்தில் உள்ள வேறொரு லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியின் கடிதத்தை இணைத்து, எவ்வளவு குறைந்தால் சேர முடியும் என்று எண்ணைச் சொல்லி மரியாதையாக எழுதுங்கள். மாணவரே எழுதுவது நல்லது.

தள்ளுபடி தாராளமாக இருந்தால் கல்லூரியின் நிலைமையையும் ஒரு முறை பாருங்கள். அலபாமாவின் பர்மிங்ஹாம்-சதர்ன், நியூயார்க் மாநிலத்தின் வெல்ஸ் இரண்டும் 2024-இல் மூடப்பட்டன. காமன் டேட்டா செட்டின் பி1-இல் உள்ள மாணவர் எண்ணிக்கையை ஐந்து ஆண்டுக்கு வரிசையாக எழுதிப் பார்த்தாலே சரிவு தெரிந்துவிடும். முன்பணம் கட்டும் முன் இன்னும் ஒன்றை எழுத்தில் வாங்குங்கள்: ஸ்காலர்ஷிப் தொடர எவ்வளவு ஜிபிஏ வேண்டும், ஒரு செமஸ்டர் அதற்குக் கீழே இறங்கினால் உடனே நிறுத்துவார்களா, மீள அவகாசம் தருவார்களா.