சின்னக் கீபோர்டில் ‘ச’ எங்கே போச்சு?

நண்பர் ஒருவர் வீடு மாறும்போது, “எனக்கு இது சரிப்படல, நீ வச்சுக்க” என்று ஒரு கீபோர்டைக் கையில் திணித்துவிட்டுப் போனார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்து வைத்தால் முழுசாக மூடிவிடலாம், அவ்வளவுதான் அளவு. மொத்தம் 48 விசைகள். எண் வரிசை இல்லை, அம்புக்குறிகள் இல்லை, எஃப்1, எஃப்2 எதுவும் இல்லை. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அன்று மாலை ஒருவருக்கு ‘நாளை சரி’ என்று பதில் அடித்தேன். திரையில் ‘நாளைரி’ என்று வந்தது. திரும்ப அடித்தேன். திரும்பவும் ‘நாளைரி’.

காரணம் புரிய ஐந்து நிமிடம் ஆனது. நான் தமிழ்99 முறையில் அடிப்பவன். அதில் ‘ச’ இருப்பது ஆங்கில ‘பி’ விசைக்கு அடுத்து வலப்பக்கம், அதாவது வழக்கமான கீபோர்டில் சதுர அடைப்புக்குறி இருக்கும் இடத்தில். இந்தக் குட்டிக் கீபோர்டை வடிவமைத்தவர் அந்த இடத்தில் பேக்ஸ்பேஸை வைத்திருந்தார். நான் ‘ச’ என்று நினைத்துத் தட்டினால் அது முன்னால் இருந்த இடைவெளியை அழித்தது. அப்புறம் ‘ரி’ மட்டும் வந்து ஒட்டிக்கொண்டது.

உண்மையில் கீபோர்டுக்குத் தமிழும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது. அது கணினிக்கு அனுப்புவதெல்லாம் எண்கள்தான். யுஎஸ்பி தரநிலையில் ஒவ்வொரு விசைக்கும் ஓர் எண் உண்டு. ஆங்கில ‘ஏ’ விசைக்கு 4, பேக்ஸ்பேஸுக்கு 42, திறக்கும் சதுர அடைப்புக்குறிக்கு 47. 47 வந்தால் ‘ச’ போடு என்று முடிவுசெய்வது கணினிக்குள் இருக்கும் தமிழ்99 மென்பொருள். என் குட்டிக் கீபோர்டு 47-ஐ அனுப்பவே இல்லை, 42-ஐ அனுப்பியது. 47 எங்கோ, இரண்டு விசைகளைச் சேர்த்து அமுக்கினால் வரும் ஒரு கூட்டுக்குள் ஒளிந்திருந்தது.

சிறிய கீபோர்டைப் பற்றிப் பேசுபவர்கள் எத்தனை விசைகளைக் குறைத்தார்கள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அந்தக் கணக்கால் பெரிய பயன் இல்லை. எடுத்த விசையின் வேலை மாயமாகிவிடுவதில்லை, அதை இப்போது வேறொரு விரல் செய்கிறது. எந்த விரல், ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று கேட்டால்தான் வடிவமைப்பின் தரம் தெரியும்.

முதலில் அளவு. சாதாரணக் கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடு வரை 19.05 மில்லிமீட்டர், அதாவது முக்கால் அங்குலம். எழுத்துகள் இருக்கும் பகுதி இப்படி 15 விசை அகலம்: 15 × 19.05 = 285.75 மி.மீ. அதற்கு வலப்பக்கம் அம்புக்குறிப் பகுதியும் எண் பகுதியும் இடைவெளிகளும் சேர்ந்து இன்னும் ஏழரை விசை அகலம் வரும். ஆக முழுக் கீபோர்டு 43 சென்டிமீட்டருக்குக் குறையாது. அந்த ஏழரை விசையை வெட்டினால் மேசையில் 14 சென்டிமீட்டர் மிச்சம். மௌஸ் அவ்வளவு தூரம் உடம்பை நோக்கி நகர்ந்து வரும், வலது தோளை வெளியே தள்ளி வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியதில்லை. எண் பகுதியை எடுப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கணக்கு எழுதுபவர்கள் சண்டைக்கு வரலாம், அவர்கள் சொல்வதும் நியாயம்தான்.

இன்னொரு வழி, விசைகளையே சிறிதாக்குவது. இது பெரும்பாலும் தப்பான வழி. 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், கையை ஓர் இலக்குக்கு நகர்த்த ஆகும் நேரத்தை அளந்தார். தூரம் கூடக்கூட நேரம் கூடும், இலக்கின் அகலம் குறையக்குறையவும் கூடும். விசைகளைச் சுருக்கினால் தூரமும் குறைகிறதே, சமமாகிவிடாதா என்று தோன்றும். ஆனால் விரலின் அகலம் சுருங்குவதில்லை. பக்கத்து விசையையும் சேர்த்து அமுக்காமல் இருக்க ஒவ்வொரு தட்டலிலும் கூடுதல் கவனம் வேண்டியிருக்கிறது. 2008 வாக்கில் வந்த நெட்புக் என்ற குட்டி மடிக்கணினிகளைப் பயன்படுத்தியவர்களுக்கு இது நினைவிருக்கும். அவற்றில் சில, இடம் போதாமல் வலது ஷிஃப்டை மேல் அம்புக்குறிக்கும் அப்பால் கொண்டுபோய் வைத்திருந்தன. பெரிய எழுத்து அடிக்கப் போனால் கர்சர் மேல் வரிக்குத் தாவி, பாதி வாக்கியம் அங்கே போய் உட்காரும்.

விசைகளையும் சுருக்காமல் பெட்டியையும் சுருக்கிய ஒரு முயற்சி உண்டு. 1995-இல் ஐபிஎம் வெளியிட்ட திங்க்பேட் 701 மடிக்கணினி. மூடியிருக்கும்போது அதன் அகலம் 25 சென்டிமீட்டருக்கும் குறைவு, உள்ளே இருந்த கீபோர்டோ சுமார் 29 சென்டிமீட்டர். ஜான் கரிடிஸ் என்ற பொறியாளர் கீபோர்டைக் கோணலாக இரண்டு துண்டாக வெட்டினார். மூடியைத் திறக்கும்போது இரண்டும் ஒன்றையொன்று உரசி நகர்ந்து, பெட்டிக்கு இருபுறமும் சிறகுபோல நீட்டிக்கொண்டு ஒரே கீபோர்டாகப் பொருந்தும். பார்த்தவர்கள் மூடித் திறந்து மூடித் திறந்து விளையாடினார்கள். சீக்கிரமே பெரிய திரைகள் விலை குறைந்து பெட்டியே அகலமாகிவிட்டது, இந்த வித்தைக்குத் தேவையில்லாமல் போனது.

விசைகளைக் குறைக்கும் கலையை முறையாகப் படிக்க வேண்டுமென்றால் ஜப்பானுக்குத்தான் போக வேண்டும். தோக்கியோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த எயிச்சி வாதாவின் யோசனையை வைத்து, பிஎஃப்யு நிறுவனம் 1996-இல் ‘ஹேப்பி ஹாக்கிங் கீபோர்டு’ என்று ஒன்றை வெளியிட்டது. அதன் புகழ்பெற்ற வடிவத்தில் 60 விசைகள், அகலம் 294 மி.மீ. மேலே போட்ட 285.75-ஐ நினைத்துப் பாருங்கள். எழுத்துப் பகுதி போக, சட்டத்துக்கு இருபக்கமும் நாலு நாலு மில்லிமீட்டர்தான் விட்டிருக்கிறார்கள். வாதா இதற்குச் சொன்ன உவமை பிரபலம். அமெரிக்க மேற்குப் பகுதியின் மாடு மேய்ப்பவர்கள், குதிரை செத்தால் அதை அங்கேயே விட்டுவிடுவார்களாம். சேணத்தை மட்டும், பாலைவனத்தில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருந்தாலும் தோளில் சுமந்து போவார்களாம். குதிரை தீர்ந்துபோகும் பொருள், சேணம் உடம்புக்குப் பழகியது. கணினி குதிரை, கீபோர்டு சேணம்.

இந்தக் கீபோர்டில் வாதா செய்த முக்கியமான வேலை, எதை எடுத்தார் என்பதைவிட எதை எங்கே வைத்தார் என்பதில் இருக்கிறது. கன்ட்ரோல் விசை ‘ஏ’ விசைக்கு ஒட்டி இடப்பக்கம் இருக்கிறது. யூனிக்ஸ் இயங்குதளத்தில் ஓடிய சன் நிறுவனத்தின் பழைய கணினிகளிலும் அது அங்கேதான் இருந்தது. 1980-களின் நடுவில் வந்த ஐபிஎம்மின் 101 விசை அமைப்புதான் அந்த நல்ல இடத்தை கேப்ஸ் லாக்குக்குக் கொடுத்துவிட்டு, கன்ட்ரோலைக் கீழ் மூலைக்குத் துரத்தியது. தினம் நூறு முறை தேவைப்படுவதை மூலையிலும், மாதம் ஒருமுறை, அதுவும் தவறுதலாக அமுங்குவதை முற்றத்திலும் வைப்பதற்கு இன்றுவரை எனக்குக் காரணம் புரியவில்லை. வாதா அதைத் திருப்பிப்போட்டார். அழிக்கும் விசையையும் ஒரு வரிசை கீழே, என்டருக்கு நேர் மேலே இறக்கினார். சுண்டுவிரலுக்கு அது பெரிய உபகாரம்.

அம்புக்குறிகள் என்ன ஆயின? எஃப்என் என்ற விசையை அமுக்கிக்கொண்டு வேறு நான்கு விசைகளைத் தட்ட வேண்டும். எஃப்என் வலது ஷிஃப்டுக்கும் வலப்பக்கம் இருக்கிறது, அந்த நான்கு விசைகளும் வலதுகைப் பக்கம்தான். சுண்டுவிரல் ஒன்றைப் பிடித்திருக்க, அதே கையின் மற்ற விரல்கள் வளைந்து வந்து அம்புகளைத் தட்ட வேண்டும். கொஞ்சம் கோணல்தான். ஆனால் இது யாருக்காகச் செய்யப்பட்டது என்று பார்க்க வேண்டும். யூனிக்ஸ் நிரலாளர்கள் அம்புக்குறியைத் தேடிப் போவதில்லை. நிரல் எழுத ஈமேக்ஸ் என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் கன்ட்ரோலோடு ஓர் எழுத்தைச் சேர்த்து நகர்வார்கள், கன்ட்ரோல் விரலுக்கடியிலேயே இருக்கிறது. விஐ என்ற இன்னொரு மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு ஹெச், ஜே, கே, எல் எழுத்துகளே அம்புகள். அந்தப் பழக்கம் வந்ததே, 1970-களின் ஏடிஎம்-3ஏ (ADM-3A) என்ற கணினி முனையத்தில் அம்புகள் அந்த எழுத்துகளின் மேல் அச்சிடப்பட்டிருந்ததால்தான். ஆக, இங்கே அம்புகளை ஒதுக்கியது தெரிந்து செய்த பேரம். அதே கீபோர்டை எக்செல்லில் நாள் முழுக்கக் கட்டம் கட்டமாக நகர்பவரிடம் கொடுத்தால் சாயங்காலம் திட்டுவார். இரண்டு தீர்ப்புமே சரி.

தமிழ்99-க்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. அந்த நான்கு விசைகள் சதுர அடைப்புக்குறி, அரைப்புள்ளி, மேற்கோள்குறி, சாய்கோடு. தமிழ்99-இல் அவை முறையே ச, ந, ய, ழ. எஃப்என் பிடித்து ‘ச’ தட்டினால் மேலே, ‘ந’ இடம், ‘ய’ வலம், ‘ழ’ கீழே.

1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டையொட்டி வந்த அந்த அமைப்பில் உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என 31 விசைகள். ஆங்கிலத்துக்கு 26 போதும். மிச்சம் ஐந்துக்கும் நாம் நிறுத்தற்குறிகளின் இடத்தைத்தான் எடுத்துக்கொண்டோம். வலது சுண்டுவிரலுக்கு மட்டும் ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு எழுத்துகள். போதாததற்கு என்டர், பேக்ஸ்பேஸ், ஷிஃப்ட். ஏற்கெனவே மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் விரல் அது. அடைப்புக்குறியை யார் அடிக்கடி அடிக்கப்போகிறார்கள் என்று நினைத்து ஒருவர் 48 விசைக்குள் கீபோர்டை அடக்கினால், ஆங்கிலக்காரருக்கு ஓர் அடைப்புக்குறி போகிறது. நமக்கு ‘ச’வும் ‘ஞ’வும் போகின்றன.

விசைகள் குறையும்போது அடுக்குகள் கூடும். ஒரே விசை சும்மா தட்டினால் ஓர் எழுத்து, எஃப்என்னோடு தட்டினால் இன்னொன்று. இது புதிதில்லை. 1982-இல் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியில் 40 ரப்பர் விசைகள்தான், ஒவ்வொன்றிலும் நாலைந்து வேலைகள் பொடி எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். இன்றைய கீபோர்டுகளில் இதைச் செய்வது உள்ளே இருக்கும் சில்லுக்கான நிரல். இலவசமாகக் கிடைக்கும் கியூஎம்கே அவற்றில் பிரபலமானது. ஒரு விசையைத் தட்டிவிட்டால் எழுத்து, அமுக்கிப் பிடித்தால் ஷிஃப்ட் என்றுகூட அதில் அமைக்கலாம். தட்டலா பிடித்தலா என்பதை அது நேரத்தை வைத்துத் தீர்மானிக்கிறது, மாற்றாமல் விட்டால் எல்லை 200 மில்லிநொடி. வேகமாக அடிப்பவர்கள் ஒரு விசையை முழுக்க விடுவதற்குள் அடுத்ததை அமுக்கிவிடுவார்கள், அங்கேதான் குழப்பம் வரும். எழுத்து விசைகளுக்கு இந்த இரட்டை வேடம் கொடுத்துப் பார்த்தேன், இரண்டு நாளில் எடுத்துவிட்டேன்.

அடுக்கு என்றாலே ஒரே நேரத்தில் பல விசைகளைப் பிடிப்பது. இங்கே மலிவான கீபோர்டுகள் காலை வாரும். ஒவ்வொரு விசைக்கும் தனிக் கம்பி இழுக்க முடியாது என்பதால், கட்டம்போலக் குறுக்கும் நெடுக்கும் கம்பி போட்டு, சந்திக்கும் இடத்தில் விசையை வைப்பார்கள். 8 குறுக்குக் கம்பி, 8 நெடுக்குக் கம்பி இருந்தால் 64 விசைகளை அடக்கலாம். சில்லு ஒவ்வொரு குறுக்குக் கம்பியாகத் தட்டிக் கேட்டுக்கொண்டே போகும். ஒரு செவ்வகத்தின் மூன்று மூலைகளில் உள்ள விசைகளை ஒன்றாக அமுக்கினால், மின்சாரம் சுற்றிப் போய் நான்காவது மூலையும் அமுங்கியதுபோலக் காட்டும். பேய் விசை! இதைத் தவிர்க்கப் பல கீபோர்டுகள் மூன்றாவது விசையைக் கண்டுகொள்ளாமலே விட்டுவிடும். நல்ல கீபோர்டில் ஒவ்வொரு விசைக்கும் ஒரு டையோடு இருக்கும், மின்சாரம் ஒரு திசையில்தான் போகும், சுற்றுப்பாதை அடைபடும். எஃப்என், ஷிஃப்ட், கன்ட்ரோல், அப்புறம் ஓர் அம்பு என்று நான்கையும் சேர்த்துப் பிடித்து, சொல் சொல்லாகத் தேர்ந்தெடுக்க முடிகிறதா என்று பாருங்கள். சிறிய கீபோர்டு வாங்கும்போது நான் செய்யும் முதல் சோதனை அதுதான்.

அடுக்கு மாற்றும் விசை எந்த விரலுக்குப் போகிறது என்பது அடுத்தது. என் கட்சி கட்டைவிரல். கையிலேயே வலுவான விரல், இரண்டு கட்டைவிரலும் சேர்ந்து செய்யும் ஒரே வேலை ஸ்பேஸ் தட்டுவது. ஸ்பேஸ் பாரை ஆறு விசை நீளத்துக்கு விட்டுவைத்துவிட்டு, அடுக்கு விசையைச் சுண்டுவிரலின் மூலைக்கு அனுப்பும் கீபோர்டுக்கு என்னிடம் மதிப்பெண் குறைவு. இந்த இடத்தில் வாதாவுக்கும் சேர்த்துத்தான் குறைப்பேன்.

உயரத்தைக் குறைப்பது தனிக் கதை. ஆப்பிள் 2015-இல் தன் மடிக்கணினியின் விசைகளுக்கடியில் ‘பட்டாம்பூச்சி’ என்ற மெல்லிய சுவிட்சுகளைக் கொண்டுவந்தது. விசை இறங்கும் ஆழம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஒரு தூசி உள்ளே போனாலே விசை மாட்டிக்கொண்டது. 2018-இல் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவித்தார்கள், 2019 முதல் ‘கத்தரிக்கோல்’ என்ற பழைய வகை சுவிட்சுக்குத் திரும்பினார்கள். ஹேப்பி ஹாக்கிங்கின் பிற்கால மாடல்களிலோ விசை சுமார் 4 மி.மீ. இறங்கும், அழுத்தம் 45 கிராம். அது சிறிய கீபோர்டுதான், ஒல்லியான கீபோர்டு இல்லை.

என் 48 விசைக் கீபோர்டு இப்போது மேசையில்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நிரலை மாற்றினேன். ‘பி’க்குப் பக்கத்தில் மறுபடி 47, அதாவது ‘ச’. பேக்ஸ்பேஸ் ஸ்பேஸுக்கு இடப்பக்கம் வந்து இடது கட்டைவிரலுக்குப் போனது. முதல் வாரம் இடைவெளி விடப்போய் எழுத்துகளை அழித்துக்கொண்டிருந்தேன், இப்போது பழகிவிட்டது. ‘ஞ’வுக்குத்தான் தனி இடம் கிடைக்கவில்லை. வலது கட்டைவிரலால் அடுக்கு விசையைப் பிடித்துக்கொண்டு ‘ச’வைத் தட்டினால் ‘ஞ’ வருகிறது. அவசரத்தில் கட்டைவிரல் பிந்திவிட்டால் ஞாயிறு சாயிறு ஆகிவிடும்.