வண்டி ரேடியோவில் இரைச்சல்: ஃபில்டர் வாங்கும் முன் பாதையைப் பிடியுங்கள்

வண்டியில் பொருத்திய இருவழி ரேடியோ செட்டில் இரைச்சல் வந்தால், பலரும் முதல் வேலையாக ஒரு ஃபில்டரை வாங்கி பவர் வயரில் மாட்டிவிடுகிறார்கள். இரைச்சல் ஆன்டெனா வழியாக வந்துகொண்டிருந்தால் அந்த ஃபில்டரால் எள்ளளவும் பயனில்லை. எந்தப் பொருள் இரைச்சலைக் கிளப்புகிறது என்பது ஒரு கேள்வி. எந்தப் பாதையில் அது செட்டுக்குள் நுழைகிறது என்பது இன்னொரு கேள்வி. பாதையைத்தான் முதலில் பிடிக்க வேண்டும். அதற்கு அதிக நேரமும் ஆகாது, செலவும் இல்லை.

எஞ்சினை ஓடவிட்டு, யாரும் பேசாத சேனலில் ஸ்கெல்ச்சை (அலை வராதபோது ஸ்பீக்கரை அடைத்துவைக்கும் கட்டுப்பாடு) முழுவதும் திறந்து கேளுங்கள். பிறகு செட்டின் பின்னால் உள்ள ஆன்டெனா கனெக்டரைக் கழற்றி, அந்த இடத்தில் 50 ஓம் டம்மி லோடு (ஆன்டெனாவுக்குப் பதிலாக நிற்கும் ரெசிஸ்டர்) ஒன்றை மாட்டுங்கள். டம்மி லோடு கைவசம் இல்லையென்றால் வெறுமனே விடலாம். ஆனால் அந்த நிலையில் மைக் பொத்தானைத் தவறிக்கூட அழுத்தக் கூடாது, செட்டின் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடக்கூடும். இரைச்சல் அடங்கினால் அது ஆன்டெனா வழியாக வருகிறது. அடங்கவில்லை என்றால் பவர் வயர், மைக் வயர், வெளி ஸ்பீக்கர் வயர் ஆகியவற்றில் ஒன்றின் வழியாக நுழைகிறது.

எஃப்.எம். செட்டாக இருந்தால் இந்தச் சோதனையைச் சற்று மாற்றிச் செய்ய வேண்டும். ஆன்டெனா இல்லாத எஃப்.எம். ரிசீவர் தன்னுடைய ‘உஸ்’ ஒலியையே முழுச் சத்தத்தில் கொடுக்கும், அதற்குள் வேறெதுவும் காதில் விழாது. ஆகவே பக்கத்தில் ஒருவர் கையடக்க செட்டில் குறைந்த பவரில் பொத்தானை அழுத்தி, பேசாமல் பிடித்திருக்கட்டும். அந்த அலை கிடைத்ததும் ‘உஸ்’ அடங்கும். பின்னணியில் விசில் போல ஏதாவது மிஞ்சி நின்றால், அது ஆன்டெனா வழியாக வந்ததல்ல.

பவர் வயர்மீது சந்தேகம் விழுந்தால், செட்டைத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். அப்போது செட்டை பிராக்கெட்டிலிருந்து கழற்றி சீட்டின்மேல் வைத்துவிட வேண்டும். பிராக்கெட் வழியாக வண்டியின் எர்த் தொட்டுக்கொண்டிருந்தால் சோதனை பாதிதான் நடக்கும். இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை: எஞ்சின் ஓடும்போது வண்டியின் சொந்த பேட்டரியைக் கழற்றிப் பார்க்க நினைக்காதீர்கள். ஆல்டர்னேட்டரின் சுமை சட்டென்று விலகும்போது, பாதுகாப்பு இல்லாத 12 வோல்ட் வண்டியில் மின்னழுத்தம் 100 வோல்ட் வரை எகிறக்கூடும். செட்டோடு வண்டியின் கம்ப்யூட்டரும் சேர்ந்து போய்விடும்.

காதுக்குத் தெரியும் அடையாளங்கள்

ஆக்சிலரேட்டரை மிதித்தால் ‘டக் டக்’ என்ற தட்டல் வேகம் பிடிக்கிறதா? அது ஸ்பார்க் பிளக். ஹைன்ரிச் ஹெர்ட்ஸ் 1880களின் பிற்பகுதியில் ரேடியோ அலைகளை உண்டாக்கிக் காட்டியது மின்பொறியைக் கொண்டுதான். அதே வேலையை ஒவ்வொரு பிளக்கும் தன் பங்குக்குச் செய்கிறது. பத்தாயிரம், இருபதாயிரம் வோல்ட்டுக்கு ஏறிய மின்னழுத்தம் ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்குக்குள் சரிந்துவிடுவதால், அதன் ஆற்றல் பல நூறு மெகா ஹெர்ட்ஸ் வரை சிதறுகிறது. நான்கு சிலிண்டர் எஞ்சின் 1000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது நிமிடத்துக்கு 2000 பொறி, அதாவது நொடிக்கு 33. டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆனாலும் இன்ஜெக்டர்களுக்குப் போகும் மின்துடிப்பு ஏறக்குறைய அதே தாளத்தில் தட்டக்கூடும்.

தட்டலாக இல்லாமல், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசிலாக இருந்தால் அது ஆல்டர்னேட்டர். பெரும்பாலான ஆல்டர்னேட்டர்களில் 12 துருவம், மூன்று ஃபேஸ், ஆறு டையோடு. எஞ்சின் 800 ஆர்.பி.எம்.மில் ஐடிலாக ஓடும்போது, பெல்ட் விகிதம் 2.5 என்று வைத்துக்கொண்டால், ஆல்டர்னேட்டர் 2000 ஆர்.பி.எம்.மில் சுழலும். அதில் உண்டாகும் ஏ.சி. (மாறுமின்சாரம்) 200 ஹெர்ட்ஸ். ஆறு டையோடுகள் அதை டி.சி.யாக்கியபின் (நேர்மின்சாரமாக்கியபின்) மிஞ்சும் ரிப்பிள் என்ற ஏற்ற இறக்கம் அதைப் போல ஆறு மடங்கு, அதாவது 1200 ஹெர்ட்ஸ். எஞ்சின் 2000 ஆர்.பி.எம். போனால் 3000 ஹெர்ட்ஸ். பேச்சுக்காக ரேடியோ செட் கடத்துவது சுமார் 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை. விசில் சரியாக அந்த இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஹெட்லைட்டைப் போட்டதும் விசில் பலத்தால் சந்தேகமே வேண்டாம். நீங்கள் பேசும்போது எதிர்முனையில் இருப்பவருக்கும் அந்த விசில் கேட்டால், அது பவர் வயர் வழியாகவோ மைக்கின் எர்த் வழியாகவோ வருகிறது.

எஞ்சின் வேகத்துக்கும் இரைச்சலுக்கும் சம்பந்தமே இல்லையென்றால் மின்மோட்டார்களைப் பாருங்கள். ஏ.சி. புளோயரின் கார்பன் பிரஷ் பொறி, ஃபேன் வேகத்தைக் கூட்டினால் மாறும். பெட்ரோல் பம்ப் பல வண்டிகளில் சாவியை ஆன் செய்ததும் எஞ்சின் ஓடாமலே ஓரிரு நொடி ஓடி நிற்கும். அந்த நேரத்தில் மட்டும் இரைச்சல் வந்து போனால் விடை கிடைத்துவிட்டது.

இன்றைய வண்டிகளில் அதிகத் தொல்லை கொடுப்பது பிறகு வாங்கி மாட்டிய சாதனங்கள்தான். யு.எஸ்.பி. சார்ஜர், டேஷ் கேமரா, எல்.இ.டி. ஹெட்லைட் ஆகியவற்றுக்குள் 12 வோல்ட்டைக் குறைக்கும் ஸ்விட்ச்சிங் சர்க்யூட் இருக்கிறது. நொடிக்கு லட்சக்கணக்கான தடவை அது மின்சாரத்தை வெட்டி வெட்டி விடும். அதன் மடங்குகள் ரேடியோ அலைவரிசை நெடுகச் சம இடைவெளியில் முளைக்கும். சந்தேகம் வந்தால் சார்ஜரையே சாக்கெட்டிலிருந்து பிடுங்குங்கள். போனை மட்டும் கழற்றினால் போதாது, உள்ளே சர்க்யூட் ஓடிக்கொண்டுதான் இருக்கும். இப்படியும் பிடிபடாவிட்டால் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கேளுங்கள். ஏர்பேக், எஞ்சின் கம்ப்யூட்டர் ஃபியூஸ்களை மட்டும் தொடாதீர்கள்.

எஃப்.எம்.மின் மௌன இழப்பு

ஏ.எம்., எஸ்.எஸ்.பி. (ஒற்றைப் பக்கப்பட்டை) செட்டுகளில் இரைச்சல் வாய்விட்டுக் கத்தும். எஃப்.எம். செட்டில் லிமிட்டர் என்ற பகுதி அலையின் உயரத்தை வெட்டிச் சமப்படுத்திவிடுவதால் பிளக் தட்டலின் பெரும்பகுதி காதுக்கு வராது. கேட்கவில்லை என்பதால் பாதிப்பு இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. குறுக்கீடு இரைச்சலின் அடிமட்டத்தை உயர்த்திவிட, பலவீனமான அலைகள் அதற்கடியில் மூழ்கிவிடுகின்றன. “வீட்டில் நன்றாகக் கேட்ட செட் வண்டியில் தூரம் எடுக்கவில்லை” என்ற புகாருக்குப் பல தடவை காரணம் இதுதான். தடையற்ற வெளியில் 6 டெசிபல் இழந்தால் எட்டும் தூரம் பாதியாகிவிடும்.

இதைச் சோதிப்பது எளிது. எஞ்சினை நிறுத்திய நிலையில் ஒரு அலை மிகப் பலவீனமாக, வார்த்தை மட்டும் புரியும் அளவில் கேட்கும் இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். எஞ்சினை ஸ்டார்ட் செய்யுங்கள். பேச்சு ‘உஸ்’ ஒலிக்குள் கரைந்துபோனால் குறுக்கீடு இருக்கிறது.

எதை, எங்கே சரிசெய்வது

முதலில் பவர் வயர். விசிலை அடக்க ஆல்டர்னேட்டரில் 0.5 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடச் சொல்லும் ஆலோசனை அடிக்கடி காதில் விழுகிறது. 1200 ஹெர்ட்ஸில் அந்தக் கெபாசிட்டரின் மறிப்பு (ஏ.சி.க்கு அது காட்டும் தடை) சுமார் 265 ஓம். வண்டி பேட்டரியின் உள்தடையோ சில மில்லி ஓம்தான். ரிப்பிளை விழுங்குவதில் பேட்டரியோடு அந்தக் கெபாசிட்டர் போட்டியே போட முடியாது. அது உயர் அதிர்வெண் கரகரப்புக்குத்தான் உதவும். ஆகவே செட்டின் பாசிட்டிவ் வயரை டேஷ்போர்டுக்குள் கிடைக்கும் ஏதோ ஒரு வயரில் இணைக்காமல் நேராக பேட்டரிக்கே கொண்டுபோங்கள், ஃபியூஸ் பேட்டரிக்கு அருகிலேயே இருக்கட்டும். நெகட்டிவ் முனையில் கரன்ட் சென்சார் உள்ள வண்டியில், சென்சாரைத் தாண்டி பேட்டரி வயர் பாடியில் சேரும் எர்த் போல்ட்டில் செட்டின் நெகட்டிவை இணைக்க வேண்டும். பேட்டரி முனையிலேயே இணைத்தால் சார்ஜ் கணக்கு தவறிவிடும். முனைகளில் பூத்திருக்கும் உப்பைச் சுரண்டிவிடுங்கள்.

வயரின் தடிமனும் முக்கியம். 20 ஆம்பியர் இழுக்கும் செட்டுக்கு, போக வர மொத்தம் 8 மீட்டர் இருந்தால், 2.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 1.1 வோல்ட் விழும். 6 சதுர மில்லிமீட்டரில் 0.46 வோல்ட்.

இதற்குப் பிறகும் விசில் இருந்தால், ஹெட்லைட்டைப் போட்டு, எஞ்சினை 1500 ஆர்.பி.எம்.மில் வைத்து, மல்டிமீட்டரின் ஏ.சி. அளவில் பேட்டரி முனைகளைப் பாருங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5 வோல்ட் தாண்டினால் ஆல்டர்னேட்டரில் ஒரு டையோடு போயிருக்க வாய்ப்பு அதிகம், அதை எந்த ஃபில்டராலும் மறைக்கக் கூடாது. சில மீட்டர்கள் டி.சி.யையும் சேர்த்துக் காட்டும். 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைத் தொடராக வைத்து அளந்தால் அந்தக் குழப்பம் தீரும்.

ஆன்டெனா வழி இரைச்சலுக்கு மருந்து வேறு. பிளக்குகள் ரெசிஸ்டர் வகையா என்று பாருங்கள், மேல்முனைக்கும் நடு எலக்ட்ரோடுக்கும் இடையே பொதுவாக 5 கிலோ ஓம் அளவில் காட்டும். பிளக் வயர் உள்ள வண்டியில், எல்லையற்ற தடை காட்டும் வயர் உள்ளே அறுந்திருக்கிறது. அந்த இடைவெளியில் இரண்டாவதாக ஒரு பொறி பறந்துகொண்டிருக்கும். தேய்ந்து இடைவெளி கூடிய பிளக்கும் இரைச்சலைக் கூட்டும். பிளக் வயரிலோ இன்ஜெக்டர், சென்சார் வயர்களிலோ கெபாசிட்டர் போடவே கூடாது, எஞ்சின் ஓட்டமே கெட்டுவிடும்.

அடுத்தது எர்த். இதில்தான் பெரிய பலன் ஒளிந்திருக்கிறது. பானட் கீல்களில் பெயிண்டும் கிரீஸும் இருக்கும், சைலன்சர் பைப் ரப்பரில் தொங்கும். மீட்டர் கணக்கில் நீண்ட இந்த இரும்பெல்லாம் எஞ்சினின் இரைச்சலை வாங்கி ஆன்டெனாவைப் போலவே வீசும். சாதாரண வயரால் இணைத்து, மல்டிமீட்டர் பூஜ்ய ஓம் காட்டுகிறது என்று திருப்திப்படாதீர்கள். 30 சென்டிமீட்டர் வயரின் இண்டக்டன்ஸ் (மாறும் மின்னோட்டத்தை எதிர்க்கும் காந்தத் தன்மை) சுமார் 0.3 மைக்ரோஹென்றி. 30 மெகா ஹெர்ட்ஸில் அது 55 ஓமுக்கு மேல் தடுக்கும். ரேடியோ அலைக்கு அது இணைப்பே அல்ல. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள பின்னல் பட்டை வேண்டும், நீளம் அகலத்தைப் போல ஐந்து மடங்குக்குள் இருப்பது நல்லது. போல்ட் இறங்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, நட்சத்திர வாஷர் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ் தடவுங்கள். பானட்டின் இரண்டு கீல்களிலும், சைலன்சர் பைப்பில் இரண்டு மூன்று இடங்களிலும் இப்படிச் செய்ய வேண்டும்.

சார்ஜர், டேஷ் கேமரா போன்றவற்றின் வயரில் ஃபெரைட் (உயர் அதிர்வெண்ணைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) போடலாம். வயரை ஒரு தடவை நுழைப்பதைவிட மூன்று சுற்றுச் சுற்றினால் தடுப்பு ஒன்பது மடங்கு. பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டையும் சேர்த்தே நுழையுங்கள். அப்போதுதான் இரண்டு கரன்ட்டின் காந்தப்புலமும் ஒன்றையொன்று ரத்து செய்து, ஃபெரைட் காந்தத்தால் நிரம்பிச் செயலிழக்காமல் இருக்கும். 30 மெகா ஹெர்ட்ஸுக்குக் கீழே என்றால் 31 எண் ஃபெரைட் ரகம், அதற்கு மேலுள்ள வி.எச்.எஃப். என்றால் 43 எண் ரகம் கேளுங்கள்.

இவ்வளவையும் செய்யும்போது பலரைத் தடுமாற வைக்கும் ஒன்று உண்டு. சம அளவில் இரைச்சல் போடும் இரண்டு சாதனங்களில் ஒன்றை முழுவதும் அடக்கினாலும் மொத்தத்தில் 3 டெசிபல்தான் குறையும், காதுக்கு அது அரைகுறையாகத்தான் தெரியும். ‘பயனில்லை’ என்று போட்டதைக் கழற்றிவிட்டு அடுத்ததற்குப் போனால், அங்கேயும் அதே 3 டெசிபல்தான் கிடைக்கும். எனவே சரியாகச் செய்த எந்த வேலையையும் பிரிக்காமல் அப்படியே வைத்துவிட்டு அடுத்ததைத் தொடங்குங்கள். ஒவ்வொன்றுக்கும் பிறகு, ஒரே இடத்தில், ஒரே சேனலில், ஒரே எஞ்சின் வேகத்தில் சிக்னல் மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.