சோலைமந்திக்கு எத்தனை மி.மீ. வேண்டும்?

வால்பாறை புதுத்தோட்டத்தில், குரங்குகள் சாலையைக் கடப்பதற்கென்றே மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். அங்கே காத்திருந்தால் சில நாள் சோலைமந்திகள், அதாவது சிங்கவால் குரங்குகள், இருபது மீட்டருக்குள்ளேயே வந்து உட்காரும். முதல் தடவை 150–600 மி.மீ. குவியத் தூரம் உள்ள ஜூம் லென்ஸ் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் போனேன். இரண்டு கிலோ கனம். வீட்டுக்கு வந்து பார்த்தால் பிடரி மயிர் அத்தனையும் கலங்கலாக இருந்தது. லென்ஸில் பழுது ஒன்றும் இல்லை. சோலைக்குள் அதற்குப் போதுமான வெளிச்சம் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு ஜன்னல் மட்டும் உள்ள அறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் புத்தகம் படிக்கலாம். பின்சுவர் பக்கம் போகப் போக எழுத்து மங்கும். அங்கேயும் அதே வெளிச்சம் வேண்டுமென்றால் ஜன்னலை அகலமாக்க வேண்டும். லென்ஸின் குவியத் தூரம்தான் ஜன்னலுக்கும் உங்களுக்கும் உள்ள தூரம். துளையின் விட்டம்தான் ஜன்னல். முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவது எஃப் எண். 150 மி.மீ.யில் எஃப் 5 கிடைக்க 30 மி.மீ. துளை போதும். 600 மி.மீ.யில் எஃப் 6.3-க்கே சுமார் 95 மி.மீ. வேண்டும். ஜூமை நீட்டும்போது எஃப் எண் ஏறுவதும், நீள லென்ஸ்கள் அவ்வளவு கனமாக இருப்பதும் இதனால்தான்.

எஃப் 2.8-இல் வரும் வெளிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் எஃப் 6.3-இல் வரும். அங்கே ஷட்டரை 1/250 நொடி வைக்க முடிந்தால், இங்கே 1/50 தான். அந்த நேரத்துக்குள் மந்தி தலையைத் திருப்பிவிடும். ஆட்டம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்பார்கள். அது நம் கை நடுக்கத்தைத்தான் தடுக்கும், குரங்கின் அசைவை அல்ல.

சரி, ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்வு அளவை, ஏற்றலாமே? ஏற்றலாம், ஆனால் அது புதிதாக வெளிச்சத்தைக் கொண்டுவராது. ஒளி துகள் துகளாக, மழைத்துளி போல ஒழுங்கில்லாமல் விழுகிறது. ஒரு புள்ளியில் சராசரியாக 10,000 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் நூறு அளவில் இருக்கும், அதாவது நூற்றில் ஒரு பங்கு. நூறு துகள்தான் விழுகிறது என்றால் ஏற்ற இறக்கம் பத்து, அதாவது பத்தில் ஒரு பங்கு. கருப்பு ரோமத்தில் மணல் தூவியது போலத் தெரிவது அதுதான்.

அப்புறம், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரில் உருவம் எவ்வளவு பெரிதாக விழும் என்று ஒரு கணக்கு. விலங்கின் அளவைக் குவியத் தூரத்தால் பெருக்கி, இடைவெளியால் வகுங்கள். அரை மீட்டர் மந்தி 20 மீட்டரில் இருந்தால் 200 மி.மீ. லென்ஸ் 5 மி.மீ. உருவம் தரும். முழு அளவு சென்சாரின் உயரமே 24 மி.மீ. தான். மந்தியோடு அதன் மரமும் படத்தில் வரும், அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. புதுத்தோட்டத்துக்கு எஃப் 2.8 உள்ள 70–200-ஐத்தான் நான் சொல்வேன்.

இருவாச்சியின் கதை வேறு. பெரிய இருவாச்சி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அறுபது மீட்டர் தள்ளி அத்தி மரத்து உச்சியில் அது பழம் தின்னும்போது 200 மி.மீ.யில் 3 மி.மீ.தான் கிடைக்கும், 600-இல் 10 மி.மீ. உச்சிக்கிளையில் வெளிச்சமும் உண்டு. அங்கே அந்த இரண்டு கிலோவைச் சுமக்கலாம்.

ஆழியாறு கொண்டை ஊசி வளைவுகளில் நிற்கும் வரையாட்டுக்கு 100–400 தாராளம். ஆனால் காலையிலேயே போய்விடுங்கள். உச்சி வெயிலில் சூடான பாறையிலிருந்து எழும் காற்று ஒளியை வளைத்து வளைத்து விடும், எத்தனை மி.மீ. இருந்தாலும் அந்தத் தளும்பலும் சேர்ந்தே பெரிதாகும்.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் கன்வெர்ட்டர் என்ற துணை லென்ஸைப் போட்டு நீளத்தைக் கூட்டலாம். 1.4 மடங்குக்கு வெளிச்சம் பாதியாகும், இரண்டு மடங்குக்குக் கால்வாசியாகும். வெயிலில் நிற்கும் வரையாட்டுக்குப் போடுங்கள். சோலைக்குள் நுழையும்போது கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள்.