புது ஜன்னலில் ஒழுகுகிறதா? சிலிக்கான் டியூபைத் தொடும் முன்

புதிதாக மாட்டிய ஜன்னல் ஓரம் முதல் மழைக்கே ஈரம் கசிந்தால், பெரும்பாலான இடங்களில் நடப்பது ஒன்றுதான்: உள்பக்கமாக ஒரு சிலிக்கான் கோடு இழுத்துவிட்டுப் போய்விடுவார்கள். அன்றைக்குக் கசிவு நின்றதுபோல் இருக்கும். அடுத்த மழையில் அரை அடி தள்ளி வேறோர் இடத்தில் பூச்சு உப்பும். வெளியிலிருந்து வருகிற தண்ணீரை உள்ளே மறித்தால் அது சுவருக்குள்ளேயே தங்கி வேறு வழி பார்த்துக்கொள்ளும். அடைப்பு வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும். அதற்கும் முன்னால், தண்ணீர் வரும் வழி தெரிய வேண்டும்.

ஈரம் தெரியும் இடமே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். ஜன்னலுக்கு மேலே நனைந்திருந்தால் அநேகமாக ஜன்னல்மேல் தப்பில்லை. சன்ஷேடும் சுவரும் சேருகிற இடத்தில் விரிசலைத் தேடுங்கள். கீழ் மூலைகளில் நனைந்திருந்தால் இரண்டில் ஒன்று: பிரேமின் மூலை இணைப்பு, அல்லது டிராக்கில் (ஜன்னல் நகரும் அடிப்பள்ளம்) போட்ட திருகின் துளை. இந்தத் துளையைத்தான் பலரும் கவனிப்பதில்லை. நகர்த்தும் ஜன்னலில் கீழ் டிராக்கையே துளைத்துச் சுவரில் திருகு இறக்கியிருப்பார்கள். டிராக்கில் நிற்கும் தண்ணீர் அந்தத் துளை வழியாகச் சுவருக்குள் இறங்கிவிடும். திருகைக் கழற்றி, துளையைத் துடைத்துக் காயவைத்து, உள்ளே சீலண்ட் (சிலிக்கான் போன்ற அடைப்புப் பசை) செலுத்தி, திரும்ப முடுக்கி, தலைமேலும் ஒரு பொட்டு வைத்துவிட வேண்டும்.

பார்த்துத் தெரியவில்லை என்றால் ஹோஸ் வைத்துச் சோதிக்கலாம். உள்ளே ஒருவர் டார்ச்சோடு நிற்க, வெளியே இன்னொருவர் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட வேண்டும். முதலில் அடிப்பகுதியில் மட்டும் 5 முதல் 10 நிமிடம், பிறகு பக்கங்கள், கடைசியாக மேல்பகுதி. மேலே தொடங்கினால் வழிகிற தண்ணீர் எல்லாவற்றையும் நனைத்துவிடும், ஓட்டை எது என்று பிரித்துப் பார்க்க முடியாது. பீய்ச்சி அடிக்காமல் மழைபோல் விழவிடுங்கள்.

ஒன்று சொல்ல வேண்டும்: டிராக்குக்குள் மழைத் தண்ணீர் வருவது பழுதல்ல. அது வெளிப்பக்கத்தில் உள்ள சிறு வடிகால் துளைகள் வழியே வெளியேறும்படிதான் ஜன்னலைச் செய்திருக்கிறார்கள். பூச்சு வேலையின்போது அந்தத் துளைகளில் சிமெண்ட் ஏறியிருக்கும். அல்லது யாராவது அக்கறையோடு சிலிக்கான் வைத்து அடைத்திருப்பார்கள். ஒரு குவளை தண்ணீரை டிராக்கில் ஊற்றிப் பாருங்கள். சில நிமிடங்களில் வெளியே வடிந்துவிட வேண்டும். வடியாமல் நின்றால், பலத்த காற்று அடிக்கும்போது அந்தத் தண்ணீர் உள்விளிம்பைத் தாண்டி அறைக்குள் வழியும்.

இனி பிரேமுக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள இடைவெளி. சுற்றிலும் 5 முதல் 10 மிமீ இருப்பது நல்லது. இதில் பியூ ஃபோம் (அடித்ததும் உப்பி இறுகும் நுரை) அடித்ததோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். ஃபோம் காற்றைத் தடுக்கும், மழைக்குத் தாங்காது. வெயில் பட்டால் மஞ்சளாகிப் பொடியாக உதிரும். அளவுக்கு மீறி அடித்தால் உப்பிப் பிரேமை உள்ளே தள்ளும், ஜன்னல் நடுவில் பிடிக்கும். அதனால் குறைவாக உப்பும் வகையை வாங்கி, சுவரை லேசாக ஈரப்படுத்திவிட்டு அடிக்க வேண்டும். காய்ந்ததும் வெளிப்பக்கத்தில் கொஞ்சம் ஆழமாக வெட்டி எடுத்து, பேக்கர் ராட் எனப்படும் நுரைக் கயிற்றைத் திணித்து, அதன்மேல் சீலண்ட் போட வேண்டும். இடைவெளி 8 மிமீ என்றால் ராட் 10 மிமீ. 10 மிமீ அகல இடைவெளிக்குச் சீலண்ட் 6 மிமீ ஆழம் போதும். சீலண்ட் சுவரையும் பிரேமையும் மட்டுமே பிடிக்க வேண்டும்; முதுகுப் பக்கமும் ஒட்டிக்கொண்டால் பிரேம் விரிந்து சுருங்கும்போது நடுவில் கிழியும். 2 மீட்டர் யுபிவிசி (கடினப் பிளாஸ்டிக்) சட்டம் 30 டிகிரி வெப்ப மாற்றத்தில் 3, 4 மிமீ வரை நீளக்கூடியது, ஆகையால் இது சின்ன விஷயமில்லை.

சிலிக்கானில் நியூட்ரல் வகையை வாங்குங்கள். வினிகர் வாடை அடிப்பது சிமெண்டில் சரியாகப் பிடிக்காது, உலோகத்தையும் அரிக்கும். பழைய சிலிக்கான்மேல் புதியது ஒட்டாது. முழுவதும் சுரண்டி எடுத்தாக வேண்டும். பிரேமில் ஒட்டிவரும் பாதுகாப்புப் பிளாஸ்டிக் தாளையும் பாருங்கள். அதை உரிக்காமல் மேலேயே சீலண்ட் போட்டிருந்தால், பிடித்திருப்பது தாளைத்தான், பிரேமை அல்ல.

தண்ணீர் வராமல் காற்று மட்டும் வந்தால் அது வேறு கதை. ஒரு தாளை இடையில் வைத்து ஜன்னலை மூடி, தாளை இழுங்கள். லகுவாக வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் அழுந்தவில்லை. திறந்து மூடும் ஜன்னலில் பூட்டுப் பட்டையிலுள்ள உருளைகளை ஆலன் கீயால் (அறுகோணச் சாவி) சற்றுத் திருப்பினால் இறுக்கம் கூடும். நகர்த்தும் ஜன்னலில் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இடைவெளி தெரிந்தால், அடியிலுள்ள ரோலர் திருகால் நகரும் கதவை நிமிர்த்தலாம். அப்படியும் சேரவில்லையா, மூலைக்கு மூலை குறுக்களவு எடுங்கள். இரண்டும் ஒத்துவராவிட்டால் பிரேமே கோணல், கழற்றி மாட்டுவதுதான் வழி. ரப்பர் மூலைகளில் விட்டுப்போயிருப்பதும் உண்டு. இழுத்து மாட்டிய ரப்பர் சுருங்கும். மாற்றும்போது சற்று நீளமாக வெட்டி, இழுக்காமல் அமுக்கிப் பொருத்துங்கள்.

கதவின் அடியில் காற்று வந்தால் பிரஷ் பட்டை போதும். வாசல்படி வெளிப்பக்கம் சரிந்திருக்கிறதா என்று மட்டும் ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்போ கேஸ் ஹீட்டரோ உள்ள அறையில், காற்றோட்டத்துக்கென்று விட்ட துவாரத்தை எக்காரணம் கொண்டும் அடைக்காதீர்கள்.